என்னைத் தெரிந்த இரண்டு பேர்

நடந்தவை, வரிசைப்படி:

1. நான் இரண்டு வருடமாகக் கணக்கு எழுதிவந்த ஓசூர் ஸ்பிரிங் கம்பெனி, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்கு இடம் மாறுவதாக முதலாளி சொன்னார். அங்கே கன்னடம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமாம். எனக்குப் பேச மட்டும் கொஞ்சம் வரும், பஸ்ஸில் இடம் கேட்கிற அளவுக்கு.

2. நான் தங்கியிருந்த மகளிர் விடுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே இடம். கம்பெனிக் கடிதம் கொடுக்க முடியாவிட்டால் அடுத்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும்.

3. காலி செய்தால் நான் போவதற்கு ஒரே ஓர் இடம்தான். சிவகங்கைப் பக்கத்தில் அண்ணன் வீடு. இரண்டு அறை, ஏழு பேர்.

4. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, கார்பன் வைத்துப் பயோடேட்டா அடித்தேன். பதினொரு கம்பெனிகளுக்கு அனுப்பினேன்.

5. ஒரு பதில் வந்தது. தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனி. அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், நிரந்தர வேலை.

6. நேர்முகத் தேர்வில் பயோடேட்டாவின் கடைசி இரண்டு வரிகளைப் பற்றிக் கேட்டார்கள். அந்த இரண்டு வரிகளும் பொய்.

ஆறாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இன்ஸ்டிடியூட்டில், சுவரில் ஆணி அடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மாதிரித் தாளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஊரில் யாருக்குப் பயோடேட்டா தேவைப்பட்டாலும் அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், உயரம், எடை, படிப்பு, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. கடைசியில் 'ரெபரன்ஸ்' என்று போட்டு இரண்டு வரி. நம்மை நன்றாக அறிந்த, உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயரும் முகவரியும் அதில் வரவேண்டும்.

அதுவரை நான் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் கமர்ஷியல் பிராக்டிஸ் டிப்ளமோ படித்தவள். டைப்ரைட்டிங் ஹையர், அக்கவுண்டன்சி ஹையர் இரண்டும் முதல் வகுப்பு. அந்த இரண்டு வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஓசூருக்கு வந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. யோசித்துப் பார்த்தேன், எழுத யாரும் இல்லை.

மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா நிறுத்திட்டே? மணி ஓடுது."

"ரெபரன்ஸ் யாரைப் போடறதுன்னு தெரியல சார்."

"அதுல இருக்கறதயே போடும்மா. ஒரு பேங்க் மேனேஜர், ஒரு டாக்டர். எல்லாரும் அதத்தான் போடறாங்க. எவன் போயி கேக்கப் போறான்?"

போட்டேன். டாக்டரை நான் பார்த்ததே இல்லை. மேனேஜரைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன், அவருடைய வழுக்கையை மட்டும்.

நேர்முகத் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அக்கவுண்ட்ஸ் மேனேஜரும் பர்சனல் ஆபீசரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் மேனேஜர் ஒரு பேங்க் ஸ்டேட்மென்டையும் கேஷ் புத்தகப் பக்கத்தையும் கொடுத்து ஒத்துப்பார்க்கச் சொன்னார். இருபது நிமிடம் கொடுத்தார், பன்னிரண்டில் முடித்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் தலையை ஆட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்று நான் நினைத்த நேரம் அது.

பர்சனல் ஆபீசர் ஒரு கட்டுத் தாளை என் முன்னால் வைத்தார். "இந்த ஒரு எடத்துக்கு வந்த பயோடேட்டா இதெல்லாம். இதுல பதினேழுல ஒரே டாக்டர், ஒரே மேனேஜர். உங்களுதும் அதுல ஒண்ணு. டாக்டருக்கு போன் பண்ணேன். 'யாருங்க இவங்கல்லாம், நான் பேஷண்ட் பேரயே மறந்துடறவன்'னு சிரிக்கிறாரு. உங்கள அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்."

"மேனேஜருக்கு?"

"தெரியாது சார். மாதிரித் தாள்ல இருந்துது. அப்படியே அடிச்சிட்டேன்."

அவர் அக்கவுண்ட்ஸ் மேனேஜரைப் பார்த்தார். "காலையில இருந்து ஏழு பேரு வந்தாங்க. டாக்டர் தூரத்துச் சொந்தம்னு சத்தியம் பண்ணாத கொற. இவங்கதான் தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரிம்மா. ஆனா பேரு தெரியாத ஆள வேலைக்கு எடுத்தாலும் எடுப்போம், யாருக்குமே தெரியாத ஆள எடுக்க முடியாது. திங்கக்கெழம வரைக்கும் டயம். உங்களத் தெரிஞ்ச ரெண்டு பேரு. சொந்தக்காரங்க வேணாம், இப்ப இருக்கற மொதலாளி வேணாம். பதவி கெதவி ஒண்ணும் பாக்கல. நெஜமாத் தெரிஞ்சிருக்கணும்."

நான் எழுந்தபோது அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பயோடேட்டாவைத் திருப்பிக் கொடுத்தார். "இதயும் வேற அடிங்க. உங்க ஒயரம் எனக்கு எதுக்கு? பொழுதுபோக்கு பாட்டு கேக்கறதுன்னு போட்டிருக்கு. என்னென்ன புக்கு எழுதறீங்க, எதை எந்தத் தேதிக்கு முடிக்கிறீங்க, அதக் காணமே."

அன்று மாலை விடுதியில் புதிய தாளை எடுத்தேன். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சொன்ன பகுதி சுலபமாக வந்தது. உயரத்தையும் எடையையும் பொழுதுபோக்கையும் எடுத்தேன். கேஷ் புத்தகம், அன்றன்றைக்கு. பேங்க் ஒத்துப்பார்ப்பது, மாதம் பிறந்து ஐந்து நாளுக்குள். இருபத்திரண்டு பேருக்குச் சம்பளப் பட்டியல். விற்பனை வரி ரிட்டர்ன், தாமதம் இல்லை. ஸ்டாக் லெட்ஜர், வாரம் ஒருமுறை நேரில் எண்ணிச் சரிபார்ப்பது. அரைப் பக்கம்கூட வரவில்லை. ஆனால் படித்தால் ஓர் ஆள் உட்கார்ந்து வேலை செய்வது தெரிந்தது. இன்றைக்கு யார் கேட்டாலும் கணக்கு வேலைக்கான பயோடேட்டாவைப் பற்றி நான் சொல்வது அதைத்தான்: குணத்தை எழுத வேண்டாம், புத்தகத்தை எழுதுங்கள், பக்கத்தில் தேதியை எழுதுங்கள்.

பிறகு இன்னொரு தாளில் ஓசூரில் என்னைத் தெரிந்தவர்களின் பட்டியலைப் போட்டேன்.

விடுதி வார்டன். என்னைப் போன வாரம்கூட வேறு அறைப் பெண்ணின் பெயரால் கூப்பிட்டார். பெயரைக் கோடு போட்டு அடித்தேன். மெஸ் அக்கா. நான் வாயைத் திறந்தாலே, "எந்த ஊரு பாஷை இது, இழுத்து இழுத்து" என்று சிரிப்பார்; அதனால் வாயைத் திறப்பதைக் குறைத்துவிட்டேன். அடித்தேன். கம்பெனியில் ஸ்பிரிங் சுற்றுகிறவர்கள். அவர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். என் கண்ணாடி அறைக்குள் சம்பள நாளில் மட்டும் வருவார்கள். எல்லோருமே முதலாளியின் ஆட்கள். அடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்ளும் ஆள் என்று ஒரு தலைப்பு போட்டிருந்தேன். அதன் கீழே எதுவும் இல்லை.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அடிக்காமல் விட்டதற்கு அவர்கள் அடிக்கத்தக்கவர்கள் இல்லை என்று அர்த்தமில்லை. வேறு யாரும் மீதமில்லை, அவ்வளவுதான்.

ஒருவர், கம்பெனிக்கு மரப்பெட்டி சப்ளை செய்யும் பாய். குந்தாரப்பள்ளியில் ஹைவேயை ஒட்டி அவருடைய பட்டறை. வாரம் ஒருமுறை டெம்போவில் பெட்டி வரும். நான் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொருத்தி என் அறைத்தோழி. ஜவளகிரிப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பதினான்கு மாதமாக ஒரே அறையில் இருந்தோம். ஒரு வாரம் காலை ஷிப்ட்: நான் எழுவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள், நான் திரும்பி வரும்போது தூங்கத் தயாராகிக்கொண்டிருப்பாள். மறுவாரம் இரண்டாவது ஷிப்ட்: அவள் வரும்போது நான் படுத்திருப்பேன். ஞாயிறானால் ஊருக்குப் போய்விடுவாள். நாங்கள் பேசிக்கொண்டதைவிட எழுதிக்கொண்டது அதிகம். கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கண்ணாடிச் சட்டத்தில் செருகுவோம். 'நாளை தண்ணீர் ஆறரை வரைக்கும்தான்.' 'மழை. உன் துணி எடுத்து வெச்சேன்.'

புதன்கிழமை காலை ஒரு தாள் செருகினேன். 'ஒரு வேலைக்கு, என்னைத் தெரிந்தவர் என்று உன் பெயரைக் கொடுக்கலாமா?'

வியாழக்கிழமை பதில் இருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்து சரளம் கிடையாது. படித்தது கன்னடப் பள்ளியில். பெரிய பெரிய எழுத்தாக, 'எனக்கு என்ன தெரியும் அக்கா. இந்த ஞாயித்துக்கிழமெ ஊருக்கு போகல. பேசலாம்' என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். வாராவாரம் வண்டி வரும் நாளைக் குறித்து வைத்திருந்தவள், அன்று குந்தாரப்பள்ளிச் சந்தை என்பதை யோசிக்கவில்லை. ஹைவே ஓரமெல்லாம் மாடுகள். பஸ் நகராததால் முன்னாலேயே இறங்கி நடந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பட்டறையைச் சாத்துவார்கள் என்பதையும் யோசிக்கவில்லை. வாசலில் அடுக்கியிருந்த பலகைகள் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். மாடு விற்றவர்களும் வாங்கியவர்களும் சத்தமாகப் பேசிக்கொண்டு கடந்துபோனார்கள். எல்லோரும் யாரோ ஒருவரோடுதான் போனார்கள்.

பாய் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னாம்மா இது! கம்பெனி கேட்டுல இருந்து லோடத் திருப்பி அனுப்பறது பத்தலன்னு பட்டறைக்கே வந்துட்டியா?"

"இல்லை பாய். ஒரு உதவி."

சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பொட்டி அடிக்கறவன் பேரப் போட்டா உனக்கு எவன் வேல குடுப்பான்?"

"பதவி பார்க்கலைன்னு சொன்னாங்க."

"அது சரி. உன்னப் பத்தி எனக்கு என்னா தெரியும்? உங்க ஊரு எதுன்னு தெரியாது. அப்பா அம்மா யாருன்னு தெரியாது. ரெண்டு வருசத்துல நீ எங்கிட்ட பேசின மொத்தப் பேச்சே ஒண்ணுதான். 'பாய், எண்ணிக்க சரியில்ல.'"

அது உண்மை. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காரும்மா, அதுக்குள்ள என்னா. ஒண்ணு சொல்றேன், கேளு. போன வருசம் எங்கம்மா மவுத்தாப்போன வாரம். மனசே இல்லாம லோடு ஏத்தி அனுப்பினேன். மூணு பொட்டி கொறயுதுன்னு சீட்டுல எழுதி அனுப்பிட்டே. எனக்கு வந்த கோவம் இருக்குதே! இந்தப் பொண்ணுக்கு ஈவு எரக்கமே இல்லியான்னு டிரைவர்கிட்ட கத்தினேன். அப்பறம் வெளிய வந்து பாத்தா, மூணு பொட்டி இதோ, நீ உக்காந்திருக்கியே, இங்கதான் கெடந்துது."

"அம்மா இறந்தது எனக்குத் தெரியாது பாய்."

"உனக்கு யாரு சொன்னா? நானும் சொல்லல, நீயும் கேக்கல." அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "அத அவங்ககிட்ட சொல்லட்டா?"

"சொல்லுங்க. எழுதிக் கொடுத்தாலும் போதும்."

"எழுத்தெல்லாம் நமக்கு ஆவாது. திங்கக்கெழம ஓசூர் வர்றேன். நேர்லயே போயி சொல்லிட்டு வர்றேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அந்த வாரத்து உள்வரவுச் சீட்டு எனக்கு ஞாபகம் இருந்தது. சிவப்பு மையில் 'மூன்று குறைவு' என்று எழுதியிருந்தேன். பெட்டி எண்ணிக்கையைச் சரியாகத்தான் பிடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அறைத்தோழி தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் துணி பிழிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். பகல் வெளிச்சத்தில் அவளை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது.

"ரெண்டே பேரா?" என்றாள். அவளுக்கு ஆச்சரியம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "ஹௌதா! இவ்ளோ படிச்சிருக்கே, ஊர்ல உன்னத் தெரிஞ்சது நானும் பொட்டி பாயும்தானா?"

"ஆமா."

"நான் என்னாக்கா சொல்றது? உங்கூட சேர்ந்து ஒரு சினிமாக்கூடப் போனதில்ல."

"தெரிஞ்சதைச் சொல்லு. ஒண்ணும் இல்லைன்னா பரவாயில்லை."

அவள் முடியை முன்னால் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டே யோசித்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

"எண்ண பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வெப்பே. நான் எடுக்கறேனான்னு பாக்கத்தான?"

"இல்லை. மாசத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு பார்க்க."

"நான் எடுத்தேன், ரெண்டு தடவ. உனக்குத் தெரியும். ஒரு வார்த்த கேக்கல. கோட்ட கீழ எறக்கிப் போட்டுட்டே." சிரித்தாள். "சோப்பு உறயில தேதி எழுதுவே. ஊர்ல இருந்து கடுதாசி வந்த அன்னிக்கு சாப்பிட மாட்டே. உன் மெஸ் சீட்டு கிழியாம அப்படியே இருக்கும்."

நான் புடவையின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவளிடம் நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பறம் ஒண்ணு. செகண்ட் ஷிப்ட் வாரம் கதவத் தாழ் போட மாட்டே. உள்பக்கம் நாற்காலிய சாத்தி வெச்சிருப்பே, நான் தள்ளினா நகர்ற மாதிரி. நான் வந்தா கண்ணத் தொறந்து நான்தானான்னு பாத்துட்டு, சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துப்பே. தூங்கறவ மாதிரி."

நான் என் முனையை இன்னொரு முறுக்கு முறுக்கிப் பிழிந்தேன்.

"தூங்கலன்னு எனக்குத் தெரியும்க்கா. எதுக்குப் பேச மாட்டே?"

புடவை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவள் களைத்து வருவாள், பேச்சுக் கொடுத்தால் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை என்பது. முதல் வாரத்தில் தொடங்காமல் விட்டதால் பிறகு தொடங்க முடியாமலே போய்விட்டது. அதைச் சொல்லவில்லை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள். "அக்காவுக்குக் காலையில ஆபீசு, எழுப்பக் கூடாதுன்னு செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வருவேன்."

அன்று மதியம் அவள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். தமிழில் எழுதினால் ஒரு நாள் ஆகும் என்று கன்னடத்தில் எழுதினாள். கடகடவென்று எழுதினாள், எனக்கு அறிமுகமில்லாத வேகம் அது. தாளை மடிக்காமலே நீட்டினாள். ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"உன்னப் பத்திதான். நீயே எதுக்குப் படிக்கணும்? அவங்க படிக்கட்டும்."

திங்கட்கிழமை புதிய பயோடேட்டாவையும் அவளுடைய கடிதத்தையும் பர்சனல் ஆபீசரிடம் கொடுத்தேன். ரெபரன்ஸ் வரிகளில், மரப்பெட்டிப் பட்டறை, குந்தாரப்பள்ளி என்றும், அசெம்பிளி தொழிலாளி, மகளிர் விடுதி, ஓசூர் என்றும் அடித்திருந்தேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"உங்க பாய் காலையிலயே வந்துட்டாரு. ரிசப்ஷன்ல இருக்கறவங்க எல்லாத்துக்கும் மூணு பொட்டி கதைய சொல்லிட்டுப் போனாரு. 'அந்தப் பொண்ணு சிரிக்காது சார், ஆனா தப்பா எழுதாது'ங்கறாரு. கையோட, பொட்டி ஏதாவது வேணுமான்னு எங்க ஸ்டோர்ஸ்லயும் கேட்டுட்டுப் போயிருக்காரு."

கன்னடக் கடிதத்தைப் படிக்க டெலிபோன் ஆபரேட்டரைக் கூப்பிட்டார். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆபரேட்டர் படிக்கப் படிக்க ஓர் இடத்தில் பர்சனல் ஆபீசர் சிரித்தார். பிறகு ஓர் இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த இடம் எண்ணெய் பாட்டிலாக இருக்க வேண்டும். மற்ற இடம் எது என்று ஊகிக்கத்தான் முடிந்தது.

வேலை உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. அன்று மாலை அறைக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். அவளுக்குக் காலை ஷிப்ட் வாரம், படுக்கப்போகும் நேரம். விளக்கை அணைக்கும் வரை பேசினோம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கும் போனோம். படம் நன்றாக இல்லை. வழியெல்லாம் அவள் அதைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் போச்சம்பள்ளியில் புதிதாகத் திறந்த ஆலையில் கூடுதல் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அவள் போய்விட்டாள். நான் ஆபீசில் இருந்த நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கம்பெனி வண்டியில் ஏறிவிட்டாள். கண்ணாடிச் சட்டத்தில் ஒரு காலண்டர் தாள் இருந்தது. 'அட்ரெஸ் அப்பறம் எழுதறேன் அக்கா. எண்ண மிச்சம் எடுத்துக்கிட்டேன்.'

பாட்டிலைப் பார்த்தேன். காலியாக இருந்தது. கோடு அப்படியே இருந்தது.

இப்போதைய நிலை: தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமாகிவிட்டது. அறை மாறவில்லை. அந்தக் கட்டிலில் தருமபுரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் ஷிப்ட் வேலை. அவள் வரும்போது விழித்திருந்தால் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். கன்னடக் கடிதம் பர்சனல் பிரிவில் என் பைலில் இருக்கிறது. பயோடேட்டாவின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் முதல் ரெபரன்சின் முகவரி சரியாக இருக்கிறது. இரண்டாவதின் முகவரியைப் பென்சிலால் அடித்துவிட்டேன். புதியது இன்னும் வரவில்லை.